பிரிசெய்தாவும் ஏரியின் கடைசித் தண்ணீரும்

பிரிசெய்தா எங்கள் பண்ணைக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. லிபார்தோவின் குதிரையில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு கோழியை இறுக்கிப் பிடித்தபடி வந்து இறங்கினாள். நான் அப்போதே மாத்தா லார்கா பண்ணையின் சமையற்காரி. மாடு மேய்க்கும் பதினான்கு ஆண்களுக்கு ஆக்கிக் கொட்டிக்கொண்டிருந்தவளுக்கு இன்னொரு பெண்முகத்தைப் பார்த்ததே பெரிய ஆறுதல்.

“கோழி எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“இவன் வீட்டுல என்ன இருக்கும்னு தெரியாதேக்கா. கோழி இருந்தா முட்டையாவது இருக்கும்.”

“அதான் நான் இருக்கேன்ல?” என்றான் லிபார்தோ.

“நீ முட்டை போடுவியா?”

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். லிபார்தோ காது சிவக்க நின்றான். அன்றிலிருந்து அவனுக்கு ‘முட்டை’ என்றே பேர் நிலைத்துவிட்டது. அவன் அதற்காகக் கோபித்துக்கொண்டதே இல்லை. பண்ணையிலேயே கயிறு வீசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை, ஆனால் வாய்ப்பேச்சில் யார் வேண்டுமானாலும் அவனை மடக்கிவிடலாம்.

கசனாரே சமவெளியில் எங்களுக்குப் பாதி வருடம் தண்ணீர், பாதி வருடம் புழுதி. மழைக்காலத்தில் படகில் போகிற இடத்துக்குக் கோடையில் குதிரையில் போவோம். வீட்டுக்குக் கிழக்கே இருந்த ஏரி மட்டும் எந்தக் கோடையிலும் முழுதாக வற்றாது. மேற்கே மலையடிவாரத்திலிருந்து ஒரு ஓடை அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டே இருக்கும். அந்த ஏரியில்தான் எங்கள் சிக்விரோக்கள் இருந்தன. படித்தவர்கள் கேபிபாரா என்பார்கள். எலி இனம்தான், ஆனால் வளர்ந்த ஆடு அளவு உடம்பு, வால் கிடையாது, விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோலத் தோல். கரையில் புல் மேயும், ஆள் அரவம் கேட்டால் நாய் மாதிரி ஒரு குரைப்பு, அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் போய்விடும்.

ஒவ்வொரு பிப்ரவரியும் அரசாங்க அனுமதியோடு வேட்டை நடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் இறைச்சி தின்னக்கூடாது, சிக்விரோ மட்டும் தின்னலாம். தண்ணீரில் வாழ்வதால் அதை மீன் கணக்கில் சேர்க்கலாம் என்று என்றைக்கோ திருச்சபை ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆண்கள் குதிரையில் போய்க் கூட்டத்தைக் கரையில் வளைத்துத் தடியால் அடிப்பார்கள். லிபார்தோவுக்கு ஒரே அடி போதும், விலங்கு சத்தம்கூடப் போடாது. நாங்கள் பெண்கள் கொட்டகையில் தோலுரித்து, இறைச்சியை விரித்து, உப்புத் தடவி வெயிலில் தொங்கவிடுவோம். பிரிசெய்தா கத்தி பிடிப்பதில் எனக்குக் குருவாகிவிட்டாள்.

சினையாக இருப்பதை அடிக்கக்கூடாது என்பது விதி. ஆனாலும் மூன்றாவது வருடம் ஒன்று தப்பி வந்துவிட்டது. பிரிசெய்தா வயிற்றைக் கிழித்தபோது உள்ளே நாலு குட்டிகள். முழுதாக முடி முளைத்திருந்தது. ஒன்றின் வாயை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

“பல்லு இருக்குதுக்கா,” என்றாள். “பல்லோடயே பொறக்குதுங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா புல்லு தின்னிருக்கும்.”

அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அவள் தன் மகனைப் புதைத்திருந்தாள். நாலு நாள் இருந்தான். பால் குடிக்கத் தெம்பில்லாத பிள்ளை. அதற்கு முன்பு இரண்டு முறை கலைந்திருந்தது. அவள் கத்தியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைக்குள் அவள் காலெடுத்து வைக்கவில்லை. லிபார்தோவும் அந்த வருடத்தோடு தடியைத் தொடவில்லை. அவள் கேட்கவில்லை. அவனாகவே விட்டான்.

பிறகு தலைநகர் போகோத்தாவிலிருந்து ஹில்தா டாக்டரம்மா வந்தார். விலங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அது தெரியாமல் எங்கள் ஆட்கள் வயிற்று வலி, பல் வலி என்று வரிசையில் நின்றார்கள். அவர் இல்லாத நாட்களில் தினமும் சிக்விரோக்களை எண்ணிக் குறித்துவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. பிரிசெய்தாவுக்கு எழுதத் தெரியாது. பெரிய விலங்குக்கு ஒரு கோடு, குட்டிக்கு ஒரு புள்ளி என்று போடக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து பதினோரு வருடம், தினம் காலையில் காப்பி குடித்த கையோடு ஏரிக்குப் போய்விடுவாள்.

அவள் பார்த்துவந்து சொல்வதைக் கேட்கவே பகலில் என் சமையலறையில் கூட்டம் சேரும். ஒரு கூட்டத்துக்கு ஒரு தலைவன். அவன் மூக்கின் மேல் கறுப்பாக ஒரு புடைப்பு இருக்கும், அதைச் செடிகளில் தேய்த்து வாடையைப் பூசிவிட்டுப் போவான். ஆயரின் தொப்பி மாதிரி இருந்த அந்தப் புடைப்பைப் பார்த்து ஆட்கள் அவனுக்கு ‘பிஷப்’ என்று பேர் வைத்தார்கள்.

“பிஷப் இன்னிக்கு என்ன பண்ணினார் பிரிசா?”

“பொண்டாட்டி பின்னாடி தண்ணிக்குள்ள சுத்தினார். அவ முங்கினா இவரும் முங்கணும், அவ கரையேறினா இவரும் ஏறணும். தண்ணியில தவிர வேற எங்கயும் சேராதுங்க. இவருக்கு மூச்சு வாங்கற வரைக்கும் அலைய விட்டுட்டுத்தான் அவ நிப்பா.”

“நம்ம முட்டை மாதிரின்னு சொல்லு!”

“அவனுக்கு நீச்சல் தெரியாது. அதனால தப்பிச்சான்,” என்பாள். லிபார்தோ தட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பான்.

காலையில் அவை தங்கள் சாணத்தையே தின்கின்றன, ஒரே புல்லை இரண்டு முறை செரித்தால்தான் அதிலிருக்கும் சத்து முழுவதும் உடம்பில் சேரும் என்று அவள் ஒருமுறை விளக்க ஆரம்பித்ததும் இரண்டு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

அவள் திரும்பத் திரும்பச் சொன்னது குட்டிகளைப் பற்றித்தான். எல்லாத் தாய்களின் குட்டிகளும் ஒன்றாகச் சேர்ந்து திரியும். எந்தத் தாயிடம் வேண்டுமானாலும் போய்ப் பால் குடிக்கும். அவளும் உதைக்காமல் நிற்பாள்.

“தாய் செத்தாலும் குட்டி பட்டினி கிடக்காதுக்கா. குட்டி செத்தாலும் அவ பாலு வீணாப் போகாது. பாத்தியா?”

நான் தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பிறகு பண்ணை முதலாளி மேற்குப் பக்க நிலத்தை ஒரு நெல் கம்பெனிக்கு விற்றார். அவர்கள் ஓடைக்குக் குறுக்கே மதகு கட்டி, தண்ணீரைத் தங்கள் வாய்க்காலுக்குத் திருப்பினார்கள். மாடுகள் குறைந்தன, மேய்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. லிபார்தோவுக்கு மதகுக் காவல் வேலை கிடைத்தது. மதகடியிலேயே ஒரு தகரக் குடிசை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். மதகுக்கும் ஏரிக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர். முதல் இரண்டு வருடம் மழை நன்றாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது வருடம் மழை அக்டோபரிலேயே நின்றுவிட்டது. ஜனவரியில் ஏரி பாதியாகிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் மற்ற குட்டைகள் காய்ந்துபோக, அங்கிருந்த சிக்விரோக்கள் எல்லாம் எங்கள் ஏரிக்கு வந்து சேர்ந்தன. பிரிசெய்தாவின் தாளில் கோடுகள் நானூறைத் தாண்டின. இருக்கிற புல்லை நாலு நாளில் வேரோடு மேய்ந்துவிட்டன. அவற்றின் தோலுக்கு வெயில் ஆகாது, நண்பகலில் முங்கிக் கிடந்தே ஆகவேண்டும். முங்க இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேற்றில் கிடந்தன. முதுகுத்தோல் வெடித்துப் புண்ணாகி ஈ மொய்த்தது. பிறகு குதிரைகளுக்கு வருகிற இடுப்பு நோய் வந்தது. பின்னங்கால் இரண்டும் விழுந்துபோக, முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டே கரையேறப் பார்க்கும்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் அவள் மதகுக்குப் போனாள். லிபார்தோவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நானும் மாட்டுவண்டியில் கூடப் போனேன். மதகுக்கு மேல்புறம் தண்ணீர் நெஞ்சளவு நின்றது. நெல் பச்சைப்பசேலென்று இருந்தது.

“ஏரி முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு லிபார்தோ. மதகத் திற.”

“எங்கிட்ட சாவியத்தான் குடுத்திருக்காங்க பிரிசா. தண்ணியக் குடுக்கல.”

“ஒரே ஒரு நாள் திற.”

“மேனேஜர்கிட்ட கேட்டேன். கதிர் முத்தணும், பத்து நாள் ஆகும்னுட்டார். பத்து நாள் பொறு.”

“பத்து நாள்ல அங்க எண்றதுக்கு ஒண்ணும் இருக்காது.”

“நான் என்ன பண்ணட்டும் சொல்லு? இந்த வேலையும் போச்சுன்னா எங்க போறது? பண்ணையில வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னா?”

அவள் அந்தப் பச்சையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “அப்ப தடியால அடிச்ச. ஒரே அடி, அதுக்கு வலிகூடத் தெரியாது. இப்ப கையக் கட்டிக்கிட்டு நின்னே கொல்ற.”

நான் கொண்டுபோன மரவள்ளியும் கறியும் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. வண்டி திரும்பும்போது நான் பார்த்தேன், அவன் மதகின் மேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த எட்டு நாட்களை நான் மறக்க முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை. கிணற்றிலிருந்து பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுபோய் ஏரியில் ஊற்றினோம், நிலம் உறிஞ்சிக்கொண்டது. தாய்களுக்குப் பால் வற்றியது. குட்டிகள் கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டு ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாயிடம் போகும், அங்கிருந்து அடுத்ததிடம். எந்தத் தாயும் உதைக்கவில்லை. எல்லோரும் படுத்தபடியே மடியைக் காட்டினார்கள், மடியில்தான் ஒன்றும் இல்லை. செத்த தாயின் மடியைச் சப்பிக்கொண்டிருந்த ஏழு குட்டிகளைப் பிரிசெய்தா கூடையில் தூக்கிவந்து என் சமையலறையில் விட்டாள். பசும்பாலில் தண்ணீர் கலந்து, துணியை நனைத்து வாயில் வைத்தோம். முதல் நாளே இரண்டு போயின. கடைசியாக ஒன்று ஒன்பது நாள் இருந்தது. அவள் காலடியை விட்டு நகராது. அதுவும் போனபோது அவள் அழவில்லை. கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைத்தாள்.

அந்தக் கடைசிக் குட்டி உயிரோடு இருந்தபோதே ஒரு புதன்கிழமை மத்தியானம் அது நடந்தது. மேய்ப்பன் ஒருவன் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து கத்தினான்.

“முட்டை மதகத் திறந்துட்டான்! பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்கத் திறந்துட்டான்! சாவியத் தூக்கி ஆழத்துல எறிஞ்சுட்டான்!”

பிரிசெய்தா செருப்புகூடப் போடாமல் ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன். காய்ந்த ஓடைக்குள் இறங்கி மேற்கே ஆறு கிலோமீட்டர் போனபிறகு தண்ணீரின் முனையைக் கண்டோம். வெள்ளம் மாதிரி வரவில்லை. பழுப்பாக, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, அதை நிரப்பி, பிறகுதான் அடுத்த அடி வைத்தது. பிரிசெய்தா அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி, “வா, வா, இந்தப் பக்கம் வா,” என்று கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

கம்பெனி ஆட்கள் ஆறு மணி நேரத்தில் மதகை அடைத்துவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது. அடுத்த நாள் காலையில் வெளிச்சம் வந்தபோது தண்ணீர் ஓடையின் கடைசி வளைவில் நின்றிருந்தது. அங்கிருந்து ஏரிக்கு நானூறு அடி இருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அதன் முனை ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது, பிறகு மின்னவில்லை.

அவள் உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு காலத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு எழுந்து, “தண்ணி வரலன்னா இதுங்கள அங்க ஓட்டுவோம்க்கா,” என்றாள். நடக்க முடிந்தவற்றை நாங்கள் இரண்டு பேரும் துணியை வீசி ஓட்டினோம். முப்பத்தோரு விலங்குகள் அந்த வளைவுக் குட்டைக்கு வந்து சேர்ந்தன. பிஷப் வரவில்லை, வழியிலேயே படுத்துவிட்டான்.

லிபார்தோவை அன்றே வேலையை விட்டு நீக்கி, லாரியில் ஏற்றி டவுனில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் திரும்பி வந்தால் போலீஸில் பிடித்துக் கொடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் நான் சாமான் வாங்க டவுனுக்குப் போனபோது லாரி நிறுத்தத்தில் நின்றிருந்தான். வடக்கே அராவ்காவில் மாடு ஏற்றும் வேலை இருக்கிறது என்று கிளம்பிக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே ஒரு காயம் இன்னும் ஆறவில்லை.

“எர்மெலிந்தாக்கா, தண்ணி போய்ச் சேந்துச்சா?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

“சேந்துச்சு தம்பி,” என்றேன். “ஏரி முழுக்க.”

சிரித்தான். காயம் இழுத்து வலித்தது போலிருக்கிறது, கையால் பொத்திக்கொண்டு சிரித்தான். “அவ என்ன சொன்னா?”

“அழுதா.”

“அவளா? அழுதாளா?” என்று தலையை ஆட்டிக்கொண்டே லாரியில் ஏறினான்.

மார்ச்சில் ரேடியோவில் அவனுடைய செய்தி வந்தது. அப்போது சமவெளியில் போன் ஏது? காலைச் செய்திக்குப் பிறகு யாருக்கு யார் என்ன சொல்லியனுப்பினார்கள் என்று வாசிப்பார்கள், எல்லாப் பண்ணையிலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ‘மாத்தா லார்கா பண்ணையிலிருக்கும் பிரிசெய்தாவுக்கு. லிபார்தோ நலம். அறை பார்த்தாயிற்று. புறப்பட்டு வரவும்.’

“போ பிரிசா,” என்றேன். “நான் குட்டையப் பாத்துக்கறேன்.”

“நீ இருக்கற ஏழு பேருக்கு ஆக்குவியா, தண்ணி சுமப்பியா? மழை விழட்டும்க்கா, அன்னிக்கே போறேன்.”

“பதிலாவது சொல்லி அனுப்பு. லாரிக்காரன் ரேடியோ ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பான்.”

“நான் அவன்கிட்ட சொல்ல வெச்சிருக்கறத ஊரே கேக்கவா? நேர்ல சொல்றேன்.”

ஏப்ரலில் அதே செய்தி இன்னொரு முறை வந்தது. ‘அறை இன்னும் இருக்கிறது’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. அவள் அடுப்பருகே நின்று கேட்டாள், குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். பத்து வாரம் அந்தக் குட்டைக்குத் தண்ணீர் சுமந்தாள். முதலையை விரட்டினாள், திருட்டுத்தனமாக வந்த வேட்டைக்காரர்களை அரிவாளோடு எதிர்த்து நின்றாள். முப்பத்தொன்றில் பத்தொன்பது தங்கின.

மே முதல் வாரம் மழை கொட்டியது. ஏரியில் தண்ணீர் இடுப்பளவு ஏறியதும் துணிமூட்டையைக் கட்டினாள். அதற்குள் பாதையெல்லாம் முங்கிவிட்டது. படகு, குதிரை, லாரி, மறுபடி படகு என்று அராவ்கா போய்ச் சேர ஒன்பது நாள். அவன் செத்து நாலு நாள் ஆகியிருந்தது. மாடு ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறான். ஓலைக்கூரையில் இருக்கும் அந்தப் பூச்சி கடித்துச் சின்ன வயதிலேயே வந்து, உள்ளேயே இருந்து இதயத்தை வீங்கவைக்கிற நோய். எங்கள் பக்கத்தில் இப்படிப் போனவர்கள் நிறையப் பேர்.

அவனோடு அறையில் தங்கியிருந்த சத்துர்னினோ என்ற பெரியவர் அவன் சாமான்களைக் கொடுத்தார். தொப்பி, கயிறு, காகிதம் பிரிக்காத ஒரு ஜோடி பெண்கள் செருப்பு.

“நல்ல பையன்மா,” என்றாராம். “ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனான். ஏரி முழுக்கத் தண்ணி விட்டும் அவ மனசு எறங்கலயே, ஒரு வார்த்தை வரலயேன்னு.”

“எந்த ஏரி?” என்று இவள் கேட்டிருக்கிறாள். “யாரு சொன்னது ஏரி நெறஞ்சுதுன்னு?”

ஜூனில் திரும்பி வந்தாள். நான் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்தாள். மறைக்க எனக்கு மனமில்லை, கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

“நான்தான் சொன்னேன் பிரிசா. அவன் மூஞ்சியப் பாத்துட்டு...”

“சிரிச்சானா?”

“சிரிச்சான்.”

தலையசைத்தாள். சத்தமே உயராமல் சொன்னாள்: “தண்ணி வந்து சேரலன்னு சொல்லியிருந்தா அவன் கிளம்பியிருக்க மாட்டான்க்கா. போலீஸாவது ஒண்ணாவது, திரும்பி வந்திருப்பான். என்கூடக் குடம் தூக்கியிருப்பான்.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கையில் உயிரே இல்லை. அதற்குப் பிறகு பத்து மாதம் என் சமையலறைப் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கிப் போவாள். விரோதம் மாதிரியும் இல்லை, ஏதோ என்னைப் பார்த்தால் அவளுக்கு ஒரு கணக்கு தவறிப்போவது மாதிரி. அந்த நெல் கம்பெனி இரண்டு போகத்துக்குப் பிறகு நஷ்டம் என்று இடத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. மதகு துருப்பிடித்துப் பாதி திறந்தபடியே நின்றுவிட்டது.

மறுவருடம் ஏப்ரலில் ஒரு காலை, தோட்டத்துப் பக்கக் கதவு திறந்தது. பிரிசெய்தா தாளோடு நின்றிருந்தாள். முழங்கால்வரை சேறு. காலில் லிபார்தோ வாங்கிவைத்திருந்த அந்தப் புதுச் செருப்பு இல்லை, அதை அவள் ஒருநாளும் போட்டதில்லை.

“பதினேழு குட்டி,” என்றாள்.

“என்னது?”

“பத்தொம்பது பெரிசு, பதினேழு குட்டி. நேத்து ராத்திரி மூணு தாய் போட்டிருக்குதுங்க. டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதணும். உனக்குத்தான் எழுதத் தெரியும்.”

நான் கை துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினேன். அவள் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துச் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், லிபார்தோவிடம் நேரில் சொல்ல வைத்திருந்ததைச் சொல்வதுபோல உதடு மட்டும் அசைந்தது. நான் காத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, எழுந்து இறக்கிவைத்துவிட்டு வந்து மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டேன்.